பயங்கரவாதிகளுக்குப் பின்னால் ஒரு நாட்டு அரசு இருந்தால், அந்த நாட்டின் மீது போர் தொடுப்பது நியாயமா?

குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தாலும் அது மட்டும் போதாது என்பதுதான் என் பதில். "ஆதாரம் இருந்தால் அடிக்கலாம், இல்லாவிட்டால் கூடாது" என்றே பலரும் இந்த விவாதத்தை முடித்துவிடுகிறார்கள். ஆதாரத்தில் பெரும்பகுதி சரியாகவே இருந்த ஒரு வழக்கை எடுத்துப் பார்த்தால்தான் இந்த வாதத்தில் உள்ள ஓட்டை தெரியும். வேண்டுமென்றே பழைய, தூரத்து வழக்கு ஒன்றை எடுக்கிறேன். இந்தியா, பாகிஸ்தான் என்று தொடங்கினால் இரண்டாவது பத்திக்குள் எல்லோரும் கட்சி சேர்ந்துவிடுவோம்.

1914, ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சியின் கீழ் இருந்த போஸ்னியாவின் சரஜேவோ நகரம். பத்தாம் வகுப்பில் "முதல் உலகப் போரின் உடனடிக் காரணம்" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோன அதே சம்பவம்தான். ஜூன் 28 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் காவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயது இளைஞன் சுட்டுக் கொன்றான். பாடப்புத்தகம் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொண்டு நேராகப் போருக்குப் போய்விடும். அந்தத் துப்பாக்கி எப்படி அவன் கைக்கு வந்தது என்பதில்தான் உங்கள் கேள்வியே இருக்கிறது.

பிரின்சிப்பும் அவன் கூட்டாளிகள் இருவரும் கிளம்பியது செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து. கையில் 4 பிரவுனிங் கைத்துப்பாக்கிகள், 6 வெடிகுண்டுகள். குண்டுகள் செர்பிய ராணுவத்தின் ஆயுதச் சாலை இருந்த கிராகுயேவாட்ஸ் நகரில் செய்யப்பட்டவை. ஆயுதங்களுக்கு ஏற்பாடு செய்தவர் வோயிஸ்லாவ் தான்கோசிச், செர்பிய ராணுவ மேஜர். அவற்றைக் கொண்டுவந்து கொடுத்து, சுடவும் பழக்கியவர் மிலான் சிகனோவிச், செர்பிய ரயில்வே ஊழியர். எல்லையைக் கடக்க உதவியவர்கள் செர்பிய எல்லைக் காவல் அதிகாரிகள். இவர்கள் எல்லோருக்கும் மேலே இருந்தவர் கர்னல் திராகுதின் திமித்ரியெவிச். 'அபிஸ்' என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர். அவர் செர்பிய ராணுவ உளவுத்துறையின் தலைவர், அதே சமயம் 'கறுப்புக் கை' என்ற ரகசிய அமைப்பின் மூளை.

பயிற்சி, ஆயுதம், எல்லை தாண்ட வழி, உளவுத்துறைத் தலைவரின் ஆசி. இன்றைக்கு எந்த வெளியுறவு அமைச்சகச் செய்தித் தொடர்பாளரும் மேடையேறி அடுக்கும் அத்தனையும் இதில் இருக்கிறது. சரி, அப்படியானால் ஆஸ்திரியா போர் தொடுத்தது நியாயம்தானே?

இங்கே இரண்டு சிக்கல்கள். முதலாவது செர்பியாவின் பக்கம். பிரதமர் நிகோலா பாசிச்சுக்கும் அபிசுக்கும் ஆகவே ஆகாது. 1903-இல் செர்பிய அரசரையும் அரசியையும் அரண்மனைக்குள்ளேயே புகுந்து கொன்ற ராணுவச் சதியில் அபிஸ் முன்னணியில் இருந்தவர். அப்படிப்பட்ட ஆளைப் பிரதமரால் சுலபமாகப் பதவியிலிருந்து தூக்கிவிட முடியாது. ஆயுதத்தோடு சிலர் எல்லை தாண்டியிருக்கிறார்கள் என்ற செய்தி ஜூன் தொடக்கத்திலேயே பாசிச் அரசுக்கு எட்டிவிட்டது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் இருந்த செர்பியத் தூதர் அங்கே ஓர் அமைச்சரிடம் சுற்றிவளைத்து எச்சரித்தார். ஆனால் அந்தப் பேச்சு தெளிவாக இல்லை, கேட்டவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாசிச்சுக்கு எவ்வளவு தெரியும் என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். 1917-இல் அதே செர்பிய அரசு வேறொரு சதிக் குற்றத்தின் பேரில் அபிசை சலோனிகாவில் சுட்டுக் கொன்றது. ஆக, உளவுத்துறைத் தலைவர் ஒரு வழியில், பிரதமர் வேறு வழியில். இதில் யார் செய்ததை நாட்டின் தலையில் கட்டுவது? இப்படி உள்ளுக்குள் இரண்டாகப் பிளந்த நாடுகள் இன்றும் இருக்கின்றன, பெயர் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது சிக்கல் வியன்னாவின் பக்கம். என் பார்வையில் இதுதான் பெரியது. போர் என்ற முடிவு முதலில் வந்தது, ஆதாரம் தேடும் வேலை அப்புறம்தான் வந்தது. தலைமைத் தளபதி கான்ராட் கொலைக்கு முந்தைய வருடமே செர்பியாவைத் தாக்கவேண்டும் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தியவர். ஜூலை 5 அன்று ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்ம் 'என்ன செய்தாலும் துணை நிற்கிறோம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஜூலை 7 அன்று வியன்னாவில் கூடிய அமைச்சர்களில் ஹங்கேரியப் பிரதமர் திசா ஒருவரைத் தவிர மற்றவர்கள், செர்பியா மறுத்தே தீரும்படியான நிபந்தனைகளை எழுதவேண்டும் என்ற மனநிலையில்தான் இருந்தார்கள். திசாவும் ஒரு வாரத்தில் மசிந்துவிட்டார்.

இதற்கெல்லாம் பிறகுதான், விசாரணையில் என்ன கிடைத்திருக்கிறது என்று பார்த்துவர ஃபிரீட்ரிக் ஃபான் வீஸ்னர் என்ற அதிகாரியை சரஜேவோவுக்கு அனுப்பினார்கள். ஜூலை 13 அன்று அவர் அனுப்பிய தந்தி, தான்கோசிச்சும் சிகனோவிச்சும் சம்பந்தப்பட்டிருப்பது உறுதி என்றது. ஆனால் கொலைத் திட்டம் செர்பிய அரசுக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட எதுவும் இல்லை என்றும் சொன்னது. நேர்மையான தந்தி. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதில் ஒரு வேடிக்கை: 'கறுப்புக் கை'யையும் அபிசையும் விட்டுவிட்டு, 'நரோத்னா ஓத்பிரானா' என்ற வேறொரு தேசியவாதச் சங்கத்தின் மீதுதான் வியன்னா பழியைப் போட்டது. உண்மையான குற்றவாளி அந்த நாட்டுக்குள்தான் இருந்தார். குற்றம் சாட்டியவர்கள் பிடித்ததோ வேறு ஆளை.

ஜூலை 23 மாலை ஆறு மணிக்கு 10 நிபந்தனைகளோடு இறுதி எச்சரிக்கை பெல்கிரேடுக்குப் போனது. கெடு 48 மணி நேரம். ரஷ்யாவுக்கு வந்திருந்த பிரெஞ்சு அதிபர் புவாங்காரே கப்பலேறிக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் அதை நீட்டினார்கள், ரஷ்யாவும் பிரான்சும் கூடிப் பேசிவிடக் கூடாது என்று. ஆறாவது நிபந்தனை, செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகளும் பங்கேற்கவேண்டும் என்பது. இது எங்கள் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று செர்பியா மறுத்தது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நேரடியாகவோ பூசி மெழுகியோ ஒப்புக்கொண்டது.

அந்த ஆறாவது நிபந்தனையைப் பற்றி மட்டும் எனக்கு ஆஸ்திரியா மீது கொஞ்சம் அனுதாபம் உண்டு. உளவுத்துறைத் தலைவரே சதிகாரராக இருக்கும் ஊரில், உள்ளூர் விசாரணையை மட்டும் நம்பு என்றால் எப்படி நம்புவது? சிகனோவிச்சைக் கைது செய் என்றபோது ஆள் ஊரிலேயே இல்லை. ஆனால் நிபந்தனை விதித்தவருக்கு அது நிறைவேறவேண்டும் என்ற ஆசை இருந்திருக்கவேண்டும் அல்லவா? ஜூலை 25 அன்று கெடு முடியும் தறுவாயில் பாசிச் பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆஸ்திரியத் தூதர் கீஸ்ல் அதன் மேல் ஒரு பார்வை ஓட்டிவிட்டு, தயாராக வைத்திருந்த உறவு முறிப்புக் கடிதத்தை அனுப்பி, ஆறரை மணி ரயிலைப் பிடித்துவிட்டார். மற்ற வல்லரசுகளுக்கான ஆதாரக் கோப்பு அந்த நாளில்தான் அனுப்பப்பட்டது! ஜூலை 28 காலை செர்பியாவின் பதிலைப் படித்த வில்ஹெல்மே, இனி போருக்குக் காரணமே இல்லை என்று ஓரத்தில் எழுதினார். அன்றைக்கே தந்தி மூலம் போர் அறிவிப்பு போய்விட்டது. நான்கு வருடம் கழித்து ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு என்ற ஒன்றே இல்லை.

இருபது வருடம் தள்ளி வாருங்கள். 1934 அக்டோபர் 9, பிரான்சின் மார்செய் துறைமுகம். இந்தமுறை கொல்லப்பட்டவர், செர்பியாவையும் உள்ளடக்கிய யூகோஸ்லாவியாவின் அரசர் அலெக்சாந்தர். 1914-இல் செர்பியாவின் இளவரசர்-ஆட்சியராக இருந்தவர் இவர்தான். கூடவே பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பார்தூவும் இறந்தார். கொலைக்குப் பின்னால் குரோஷியப் பிரிவினைவாத உஸ்தாஷா இயக்கமும் மாசிடோனியப் புரட்சி அமைப்பும். உஸ்தாஷாவுக்கு இத்தாலியிலும் ஹங்கேரியிலும் பயிற்சி முகாம்கள். முன்பு குற்றவாளிக் கூண்டில் நின்ற நாடு இப்போது குற்றம் சாட்டும் இடத்தில். நியாயம் கேட்டுப் படையெடுக்க அதனிடம் எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அது போனது ஜெனீவாவுக்கு, ஐநாவுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்திடம். இத்தாலியைப் பகைக்கப் பிரான்ஸ் விரும்பாததால் பழி முழுக்க ஹங்கேரி மீது மட்டும் போனது. அது கோழைத்தனமான சமரசம்தான். சில ஹங்கேரிய அதிகாரிகள் அலட்சியமாக இருந்திருக்கிறார்கள் என்ற அளவில் டிசம்பரில் ஒரு தீர்மானம் வந்தது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் போர் வரவில்லை. இதன் தொடர்ச்சியாக 1937-இல் பயங்கரவாதத் தடுப்பு ஒப்பந்தம் ஒன்று ஜெனீவாவில் எழுதப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்டன, ஆனால் முறைப்படி ஏற்று உறுதி செய்தது ஒரே ஒரு நாடு: அன்றைய பிரிட்டிஷ் இந்தியா. ஒப்பந்தம் நடைமுறைக்கே வரவில்லை.

சமீப காலத்துக்கு வந்தால், 2001 ஆப்கானிஸ்தானையும் 2003 ஈராக்கையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. தாலிபான் பின்லாடனை ஒப்படைக்கவேண்டும் என்று ஐநா பாதுகாப்பு அவை 1999-லேயே 1267-ஆம் தீர்மானம் போட்டிருந்தது. கேட்டார்கள், உலகம் பார்க்கக் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. அந்தப் போர் பிற்பாடு எப்படிப் போனது என்பது தனிக் கதை, ஆனால் அதன் தொடக்கத்துக்கு ஒரு வாதம் இருக்கிறது. ஈராக்குக்கும் அல்-கைதாவுக்கும் கூட்டு என்று சொன்னதோ, அமெரிக்காவே அமைத்த செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் 2004 அறிக்கையிலேயே நிற்கவில்லை.

அமெரிக்கா வைத்திருக்கும் 'பயங்கரவாதத்தை ஆதரிக்கும் நாடுகள்' பட்டியலை வைத்து வாதாடுபவர்களுக்கு ஒரு தகவல். 1979-இல் அதில் சேர்க்கப்பட்ட ஈராக், 1982-இல், ஈரானோடு போரில் இருந்த சமயத்தில், நீக்கப்பட்டது. குவைத்துக்குள் புகுந்த 1990-இல் மறுபடி சேர்க்கப்பட்டது. பட்டியலின் நேர்மைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சட்டப்படி பார்த்தாலும் அந்தப் பட்டியல் தடைகளுக்குத்தான் வழி செய்கிறது, போருக்கு அனுமதி தருவதில்லை. சர்வதேச நீதிமன்றமும் 1986-இல் நிகராகுவா வழக்கில், கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதமும் பணமும் கொடுப்பது சட்டவிரோதம்தான், ஆனால் அதுவே 'ஆயுதத் தாக்குதல்' ஆகிவிடாது என்றது. இதில் குற்றவாளியாக நின்றது அமெரிக்காதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

"அப்படியானால் அடி வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கு அலையச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். லிபியாவில் இரண்டு வழியும் நடந்தது. 1986 ஏப்ரலில் மேற்கு பெர்லின் நடன விடுதியில் குண்டு வெடித்து 3 பேர் இறந்தார்கள். பத்து நாளில், லிபியாதான் காரணம் என்று சொல்லி, அமெரிக்க விமானங்கள் திரிபோலியிலும் பெங்காசியிலும் குண்டு போட்டன. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகரின் மேல் பான் ஆம் விமானம் வெடித்து 270 பேர் இறந்தபோது வேறு வழி: ஐநா தடைகள், பல வருட இழுபறி, கடைசியில் நெதர்லாந்தில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி ஒரு விசாரணை. 2001-இல் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு லிபியர்களில் ஒருவருக்குத் தண்டனை, மற்றவருக்கு விடுதலை. 2003-இல் லிபியா பொறுப்பேற்றுக்கொண்டு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. தண்டிக்கப்பட்டவர் 2009-இல் நோயைக் காரணம் காட்டிக் கருணை அடிப்படையில் விடுவிக்கப்பட்டு, திரிபோலியில் கோலாகல வரவேற்போடு இறங்கினார். இது நீதியே இல்லை என்று இறந்தவர்களின் குடும்பங்கள் சொன்னால் மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இனி இப்படிச் செய்யத் துணியக்கூடாது என்று லிபியா மீது குண்டு போட்டது 1986-இல், லாக்கர்பி நடந்தது அதற்குப் பிறகு.