அம்மாவின் மறதி: முதலில் காதையும் சீனியையும் பாருங்கோ

72 வயது அம்மாவுக்கு 15 வருடமாக நீரிழிவு, ரீவியைச் சத்தமாக வைக்கிறா, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறா, இது மறதி நோயோ என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே அப்படி முடிவு கட்டவேண்டாம்.

நீண்டகால நீரிழிவு உட்காதின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் மூளையின் சிறு குழாய்களையும் பாதிக்கக்கூடும். காதில் விழாத சொல் நினைவிலும் தங்காது. அதை வீட்டார் மறதி என்று எடுத்துவிடுகிறோம்.

யாழ் போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டுங்கோ. முதலில் காதுக்குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேணும், பிறகு கேட்டல் பரிசோதனை. ஞாபகப் பரிசோதனை அதற்குப் பிறகுதான். கேள்வியே காதில் விழாவிட்டால் புள்ளி குறையத்தானே செய்யும். 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிந்தனைத் திறன் குறையும் ஆபத்துக் கூடிய முதியவர்களிடம் காதுக்கருவியும் ஆலோசனையும் 3 வருடத்தில் சிந்தனைத் திறனின் சரிவை 48% குறைத்தன. ஆபத்துக் குறைந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. நீரிழிவு உள்ளதால் அம்மாவும் ஆபத்துக் கூடியவர்களில் சேருவா. கருவி கிடைத்தால் அலுமாரியில் வைக்காமல், அமைதியான அறையில் தினம் 1 மணித்தியாலத்தில் தொடங்கிக் கூட்டுங்கோ.

சீனி கூடுவதைவிடக் குறைவதற்குத்தான் எனக்குப் பயம். கிளிக்லசைட் என்ற நீரிழிவுக் குளுசையோ இன்சுலினோ எடுத்துவிட்டு, விரதமென்று சாப்பிடாமல் இருந்தால் தடுமாற்றம் வரும். அந்த நேரம் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கோ. 70 mg/dLக்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கோ. மயக்கமென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கோ.

மெற்போமின் என்ற நீரிழிவுக் குளுசையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், அதுவும் மறதி தரும். கிளினிக்கில் கேளுங்கோ.