கடைக்கு டிஸ்ப்ளே வாங்கப் போறீங்களா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

ரொம்ப வருஷமா கடைகளுக்கு ஸ்க்ரீன் மாட்டிக் குடுக்கறேன். எல்லாரும் முதல்ல எத்தனை இன்ச்னுதான் கேக்கறாங்க. எனக்கு முதல்ல தெரிய வேண்டியது மாட்டப்போற இடத்துல வெளிச்சம் எவ்ளோ, தினமும் எத்தனை மணி நேரம் ஓடும், இந்த ரெண்டும்தான்.

சேலம், பேக்கரி: அண்ணே, வீட்டு டிவி பாதி விலைக்குக் கிடைக்குதே, மெனு போட அது போதாதா?

தம்பி, ஸ்க்ரீன் எவ்ளோ பளிச்னு தெரியும்னு அளக்கறது நிட்ஸ்ல, வீட்டு டிவி 250, 300 நிட்ஸ்தான் இருக்கும், கடை டியூப்லைட்டுல மங்கலாத் தெரியும். கமர்ஷியல் பேனல், அதாவது கடைக்குன்னே வர்ற ஸ்க்ரீன், 500லருந்து 700 வரைக்கும் வரும், 16 மணி நேரமோ 24 மணி நேரமோ ஓடறதுக்குன்னே செஞ்சது. வீட்டு டிவியை கடையில மாட்டினா பெரும்பாலும் வாரண்டி கிடையாது, கார்டுல பொடி எழுத்துல போட்டிருப்பான் படிச்சுப் பாருங்க. இன்னொன்னு, கரண்ட் போயி வந்தா நிறைய வீட்டு டிவி ஸ்டாண்ட்பைல நின்னுரும், யாராச்சும் ரிமோட் தேடணும். கமர்ஷியல்ல தானா ஆன் ஆகி விட்ட மெனுவையே ஓட்டற மாதிரி செட் பண்ணிக்கலாம்.

ஈரோடு, ஜவுளிக்கடை: சார், ரோட்டைப் பாத்து ஷோகேஸ்ல வைக்கணும், மதியம் நேர் வெயில். போன தடவை வச்சதுல நடுவுல கறுப்பா திட்டு விழுந்துச்சு, சாயங்காலம் சரியாயிடுச்சு, பேனல் போச்சா?

போகலைங்க. எல்சிடிக்குள்ள இருக்கற லிக்விட் கிரிஸ்டல் ஒரு அளவுக்கு மேல சூடானா ஒளியைத் திருப்பற வேலையை விட்டுரும், அந்த இடம் கறுத்துரும், ஆறினதும் பழையபடி வந்துரும், ஆனா தினமும் இப்படியே வெந்தா பேனலுக்கு ஆயுசு குறையும். வெயில் படற கண்ணாடிக்குப் பின்னாடி வைக்க 2500 நிட்ஸாவது வேணும், அதோட 110 டிகிரி செல்சியஸ் சூடு வரைக்கும் கறுக்காத பேனல்னு ஸ்பெக்ல இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி எழுதி வாங்குங்க. கண்ணாடியோட ஒட்டி வைக்காதீங்க, காத்து போக இடம் விடுங்க. ராத்திரி தானா வெளிச்சத்தைக் குறைக்கற சென்சாரும் கேளுங்க, இல்லன்னா கரண்ட் பில் தாங்காது.

திருச்சி, கிளினிக்: டோக்கன் நம்பர் காட்ட ஓஎல்ஈடி நல்லாருக்குமா?

வேண்டாம்மா. ஓஎல்ஈடில ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும், ஒரே இடத்துல ஒரே எழுத்து நின்னா அந்தத் தடம் அப்படியே பதிஞ்சுரும். எல்சிடியே போதும்.

மதுரை, கல்யாண மண்டபம்: எல்ஈடி வால்ல பி3யா பி5ஆ?

எல்ஈடி வால்ங்கறது சின்னச் சின்ன எல்ஈடி புள்ளிகளைச் சேத்து செஞ்ச பெரிய ஸ்க்ரீன், அந்த நம்பர் ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கற மில்லிமீட்டர். முன் வரிசை 3 மீட்டர்ல உக்காந்தா பி3, 5 மீட்டருக்கு அப்பால்னா பி5 தாராளம்.

கோவை, ஹோட்டல்: தனியா பிளேயர் பாக்ஸ் வாங்கணுமா அண்ணா?

பிளேயர் பாக்ஸ்ங்கறது ஸ்க்ரீனுக்குப் படத்தை அனுப்பற சின்னப் பெட்டி. சாம்சங்ல டைசன், எல்ஜில வெப்ஓஎஸ்னு அந்த வேலையைச் செய்யற சாஃப்ட்வேர் உள்ளயே வர்ற மாடல் இருக்கு, மெனு மட்டும்னா அதுவே ஓட்டும். ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி "கொத்து பரோட்டா"ன்னு தமிழ்ல டைப் பண்ணி ஸ்க்ரீன்ல காட்டச் சொல்லுங்க, சில சாஃப்ட்வேர்ல கொம்பு தனியா கால் தனியா பிரிஞ்சு நிக்கும். அப்படி வந்துச்சுன்னா மெனுவைப் படமா சேவ் பண்ணி ஏத்திருங்க.