வாலில் ஜிஎஃப்பி இருந்தால் பெராக்சிசோம் கதவு திறக்காது

மின்மினியின் ஒளி நொதியான லூசிஃபரேஸில் ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர் புரதத்தை ஒட்டினால், அது செல்லுக்குள் இருக்கும் சிறு நொதிப் பையான பெராக்சிசோமுக்குள் போகவில்லை என்கிறீர்கள். ஜிஎஃப்பியை வாலில், அதாவது புரதச் சங்கிலியின் கடைசி முனையில், ஒட்டியதுதான் கோளாறு. தலைப்பக்கம், அதாவது தொடக்க முனைக்கு, மாற்றிப் போடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

மைட்டோகாண்ட்ரியப் புரதத்துக்கு இதே முறை பலித்தது, இது மட்டும் ஏன் செல் முழுக்கப் பச்சையாகப் பரவுகிறது என்று கேட்கிறீர்கள். புரதம் எங்கே போக வேண்டும் என்ற முகவரி எழுதியிருக்கும் இடமே வேறு. மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறைக்குப் போகும் பெரும்பாலான புரதங்களுக்கு அது தலையில் இருக்கிறது. மின்மினி லூசிஃபரேஸுக்கோ கடைசி மூன்று அமினோ அமிலங்கள்: செரின், லைசின், லூசின். புரதத்தைப் பெராக்சிசோமுக்குக் கொண்டுசேர்க்கும் பெக்ஸ்5 ஏற்பி பிடிப்பது அந்த நுனியைத்தான். அதற்குப் பின்னால் ஜிஎஃப்பியின் 238 அமினோ அமிலங்களைத் தொங்கவிட்டால் அது நுனியே இல்லை.

ஜிஎஃப்பி மடிந்திருப்பதால் நுழையவில்லையோ என்ற சந்தேகம் வேண்டாம். மடிப்புக் குலைந்து நூலாக நுழைய வேண்டிய கட்டாயம் மைட்டோகாண்ட்ரியாவில்தான். பெராக்சிசோம் மடிந்ததை அப்படியே விழுங்கும். 9 நானோமீட்டர் தங்கத் துகளே உள்ளே போயிருக்கிறது!

மரபணுவை மாற்றி ஒட்டி மறுபடி குளோன் செய்யும் முன், வெறும் ஜிஎஃப்பியின் வாலில் அந்த மூன்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள். பச்சை பெராக்சிசோம்களில் சேர்ந்து புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் செல்லில் குறையில்லை. அப்புறம், லூசினை அடுத்து உடனே, புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் கோடான் வருகிறதா என்று டிஎன்ஏ வரிசையைப் படித்துவிடுங்கள். மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட் சத்தமில்லாமல் நாலைந்து அமினோ அமிலம் சேர்த்துவிடும். நான் இதில் இரண்டு வாரம் தொலைத்திருக்கிறேன்.

புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியானால் பெக்ஸ்5 திணறி, கொஞ்சம் பச்சை வெளியே தங்கத்தான் செய்யும். தையோலேஸ் நொதி போன்ற சில பெராக்சிசோம் புரதங்களுக்கு முகவரி தலையில் இருப்பதால், அங்கே இந்த யோசனை தலைகீழ்.