ரயில் பேச்சை வைத்தே நண்பர்கள் கிடைப்பார்களா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. சிறு வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். நன்றாகப் பேசுவான், திருச்சியில் சாதாரணப் பள்ளியில்தான் படிக்கிறான். எந்நேரமும் ரயில் நினைப்புதான். எந்த வண்டிக்கு எந்த ஷெட் இன்ஜின் வரும் என்பது வரை சொல்வான். ஆனால் நண்பன் என்று ஒருவன்கூட இல்லை. ஒரு வருடம் சோஷியல் ஸ்கில்ஸ் வகுப்புக்கு அனுப்பினோம். 'ஹலோ, எப்படி இருக்கீங்க' என்று ஒப்பிக்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். ஒரே ஆர்வம் உள்ள பிள்ளைகளைச் சேர்த்து கிளப் மாதிரி நடத்தினால் நல்லது என்கிறார் அவனுடைய தெரபிஸ்ட். இங்கே அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நாங்களே தொடங்கலாமா? 'இருக்கிற பைத்தியம் போதாதா?' என்று இவன் அப்பா கேட்கிறார்.
- ஒரு தாய், திருச்சி

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் முதலில் உங்கள் கணவரின் கேள்வியை முடித்துவிடுவோம். வீட்டில் அது தீராவிட்டால் கிளப் இரண்டாவது வாரமே நின்றுபோகும்.

ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் எப்படி வேலை செய்கிறது என்பது பற்றி டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் மூவரும் 2005-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். லாசன் ஆட்டிசம் உள்ளவர். அவர்கள் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: பலருக்குக் கவனம் ஒரே சமயத்தில் நாலைந்து பக்கம் பரவிக் கிடக்கும், இவர்களுக்கு ஒன்றிரண்டில் ஆழமாகக் குவியும். குவிந்த இடத்திலிருந்து பிடுங்கித் திருப்புவது பெரிய களைப்பு. குவிந்த இடத்திலேயே இருக்கவிட்டால் நினைவு, பேச்சு, பொறுமை எல்லாம் அங்கே தாராளமாக வரும். ஆக, 'ரயிலை விட்டுட்டு வேற ஏதாவது பேசு' என்று சொல்லி நண்பனைத் தேடச் சொன்னால், பையன் தன்னிடம் இருக்கும் பலத்தையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். சாப்பாடு, தூக்கம், பள்ளி இவற்றை ரயில் விழுங்கினால் கவலைப்படுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அதைப் பற்றி இன்னொருவனோடு பேசுவதற்குக் கவலைப்பட வேண்டாம்.

சோஷியல் ஸ்கில்ஸ் வகுப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எலிசபெத் லாகசன் உருவாக்கிய 'பியர்ஸ்' என்ற பயிற்சி உலகமெங்கும் பெயர் பெற்றது. அதிலேயே, பிள்ளைக்குப் பிடித்த விஷயம் நடக்கும் குழு ஒன்றைத் தேடிச் சேர்ப்பது பெற்றோருக்குத் தரும் வீட்டுப்பாடங்களில் ஒன்று. நம் ஊர் வகுப்புகள் பலவற்றில் அந்தப் பாதி விட்டுப்போகிறது. கைகொடுக்கவும் கண்ணைப் பார்க்கவும் சொல்லித் தருகிறார்கள். யாரிடம், எதற்காகப் பேச வேண்டும் என்பது மட்டும் இருப்பதில்லை.

நீங்கள் நினைப்பது புதிய யோசனையும் அல்ல. டேனியல் லெகாஃப் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகள் வரவேற்பறையில் லெகோ கட்டைகளை வைத்துத் தாங்களாகவே பேசிக்கொள்வதைப் பார்த்து, அதையே குழு முறையாக்கி 2004-இல் எழுதினார். ஒரு பிள்ளை வரைபடத்தைப் படித்துச் சொல்லும், இன்னொன்று கட்டை எடுத்துத் தரும், மூன்றாவது பொருத்தும். மூவரும் பேசாமல் வீடு எழும்பாது. உங்கள் மகனுக்கு இன்னும் பொருத்தமான ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது. அந்த நகரின் போக்குவரத்து அருங்காட்சியகம், வண்டிகள் நின்றுபோன பழைய சுரங்க ரயில் நிலையத்துக்குள்ளேயே இயங்குகிறது. ரயில்மேல் பிரியமுள்ள ஆட்டிசப் பிள்ளைகளுக்காக 'சப்வே ஸ்லூத்ஸ்' என்று பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்பு அங்கே உண்டு. சிறப்புக் கல்வி ஆசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் கூடவே இருப்பார்கள். ஆனால் பிள்ளைகள் வருவது ரயிலுக்காக.

இதில்தான் பல கிளப்புகள் சறுக்குகின்றன. ரயில் படத்தைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டு, உட்கார்ந்ததும் 'இப்போ எல்லாரும் உங்களை அறிமுகப்படுத்திக்கோங்க, பக்கத்துல இருக்கறவரைப் பாராட்டுங்க' என்று பாடம் ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். அடுத்த வாரம் வர மாட்டார்கள். ரயில் கிளப் என்றால் ரயில் வேலைதான் நடக்க வேண்டும்.

சரி, ஆட்களுக்கு எங்கே போவது? மூன்று பேர் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். உங்கள் தெரபிஸ்டிடம் வரும் மற்ற பெற்றோர், பள்ளியின் சிறப்புக் கல்வியாளர் இவர்களிடம் முதலில் கேளுங்கள். எல்லோருக்கும் ஆட்டிசம் இருக்க வேண்டும் என்பதில்லை. 2020-இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர், ஒருவர் காதில் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லும் விளையாட்டை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் கதையைக் கடத்தியது மற்றவர்கள் தங்களுக்குள் கடத்தியதற்குச் சமமாக இருந்தது. கலந்து உட்கார்ந்தபோதுதான் கதை சிதைந்தது. பிறகு, 2025-இல் வெளியான அதைவிடப் பெரிய ஆய்வில் கலந்த குழுக்களும் அதே அளவு நன்றாகச் செய்தன. அதனால் ரயில் பிடித்த பெரியப்பா மகனோ எதிர்வீட்டுப் பையனோ இருந்தால் தயங்காமல் சேருங்கள். 'பாவம், அவனோட விளையாடு' என்று அனுப்பப்படும் பையன் மட்டும் வேண்டாம்.

திருச்சியில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பொன்மலை. 1928 முதல் அங்கே பணிமனை ஓடுகிறது, நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்து கொடுத்த இடம். ஓய்வு பெற்ற லோகோ பைலட்டும் ஃபிட்டரும் அந்தப் பக்கம் கட்டாயம் இருப்பார்கள். அப்படி ஒரு தாத்தாவை மாதம் ஒருமுறை கூப்பிட்டு உட்கார வையுங்கள். தெரபி பற்றி அவருக்கு எதுவும் தெரிய வேண்டாம். பையன்கள் கேட்கும் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் போதும்.

இடம் உங்கள் வீட்டு ஹாலாக இல்லாமல் இருப்பது நல்லது. டிவி, குக்கர் விசில், திடீரென்று வரும் உறவினர் என்று அங்கே ஆயிரம் இடைஞ்சல். தெரபி மையத்தில் வேலை முடிந்தபிறகு ஓர் அறை, சனிக்கிழமை காலியாக இருக்கும் வகுப்பறை, நூலகத்தில் ஒரு மூலை, எது கிடைத்தாலும் சரி. கடகடவென்று சத்தம் போடும் ஃபேனையும் மினுக்கும் டியூப்லைட்டையும் முதலில் மாற்றுங்கள். நமக்குக் காதில் விழாதது அவர்களுக்கு மண்டையில் இடிக்கும். அறையிலேயே தனியாகப் போய் உட்கார ஒரு நாற்காலி போடுங்கள். யாராவது அங்கே போனால் 'என்னாச்சுப்பா?' என்று பின்னால் ஓடாதீர்கள். முடிந்ததும் அவனே வருவான். கிழமையும் நேரமும் மாறவே கூடாது. இன்று என்ன நடக்கப் போகிறது என்று பலகையில் நாலு வரி எழுதி வைத்துவிடுங்கள்.

முதல் நாள் என்ன செய்வது? ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவருக்குத் தேவைப்படும்படி ஒரு வேலை கொடுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு வழி என்பது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும்: விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லைன், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மெயின் லைன். அரியலூர் பக்கம் ஒரு சரக்கு வண்டி பழுதாகி நின்றுவிட்டது, சென்னையிலிருந்து வரும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸை மெயின் லைனில் திருப்பிவிட வேண்டும், காலையில் எத்தனை மணிக்குத் திருச்சி வரும்? இதுதான் கணக்கு. ஒருவனிடம் கால அட்டவணை, ஒருவனிடம் பாதை வரைபடம், மூன்றாமவனிடம் சார்ட் பேப்பரும் பேனாவும். அவரவர் தாளை அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது ஒரே விதி.

பத்து நிமிடத்தில் ஒருவன் கத்துவான்: "தஞ்சாவூர் வரைக்கும் சிங்கிள் லைன், கிராசிங் எங்க போடுவே?" ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் ஏதாவது ஒரு நிலையத்தில்தான் விலகிப் போக முடியும், அதைத்தான் கேட்கிறான். இன்னொருவன் அப்போது எதிரில் வரும் வண்டியைத் தேடுவான். கேட்பது, காத்திருப்பது, மறுப்பது, 'சரி, நீ சொல்றதுதான் கரெக்ட்' என்று ஒப்புக்கொள்வது எல்லாம் அங்கேயே நடந்துவிடும். முகத்தைப் பார்த்துப் பேசுகிறானா என்று கவனிக்காதீர்கள். மூவரும் சார்ட்டைத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

உட்காரும் பெரியவர் ஒருவர் போதும். பெற்றோர் வெளியே. (அம்மா அறைக்குள் இருந்தால் பையன் அம்மாவிடம்தான் பேசுவான், நீங்களும் அவனுக்குப் பதிலாகப் பதில் சொல்லிவிடுவீர்கள்.) ஒருவன் மட்டும் நிறுத்தாமல் பேசினால், பார்க்கக்கூடிய மணல் கடிகாரமோ ஃபோன் டைமரோ வைத்து ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அடுத்தவனை ஓயாமல் திருத்துகிறான் என்று புகார் வரும். 'அது ஐசிஎஃப் பெட்டி இல்லை, எல்எச்பி' என்று (இரண்டும் ரயில் பெட்டி வகைகள்) ஒருவன் சொன்னால் மற்றவன் மனம் புண்படும் என்று நாம் பதறுகிறோம். பல சமயம் அந்தப் பையனுக்கு அது விருந்து. உண்மையிலேயே அழுகை வந்தால் மட்டும் குறுக்கே போங்கள்.

வெளியே அழைத்துப் போவதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். முதலில் ஜங்ஷன் பக்கத்தில் இருக்கும் ரயில்வே அருங்காட்சியகம், அப்புறம் பிளாட்பாரம். பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய்தான், ஆனால் கூட்டமில்லாத நேரம் பார்த்து, ஆளுக்கொரு பெரியவரோடு போங்கள். ஹாரனுக்கு ஹெட்ஃபோன். கையில் கேமராவோடு நாலு பையன்கள் நின்றால் ஆர்பிஎஃப் காவலர் கேள்வி கேட்பார்; முன்கூட்டியே நிலைய மேலாளரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவைத்தால் அந்தப் பதற்றம் இருக்காது. தண்டவாளத்தில் இறங்கி வீடியோ எடுப்பது ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. விதியை இப்படி எண்ணோடு சொன்னால் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் மீற மாட்டார்கள்.

ஆன்லைனிலேயே நடத்தலாமா என்றும் யோசிப்பீர்கள். பேசுவதைவிட டைப் செய்வது எளிதாக இருக்கும் பிள்ளைகளுக்கு அது நல்ல வழி. கனடாவைச் சேர்ந்த ஒரு தந்தை, ஸ்டூவர்ட் டங்கன், 2013-இல் 'ஆட்கிராஃப்ட்' என்று ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் மட்டும், கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டுக்கு ஒரு தளம் தொடங்கினார். கேலியும் வம்பும் வராதபடி, அனுமதி வாங்கியவர்கள் மட்டுமே நுழையலாம் என்று வைத்தார். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கதவைத்தான். பெயர் தெரியாத பெரியவர்கள் இருக்கும் ரயில் ரசிகர் குழுக்களில் 15 வயதுப் பையனைத் தனியாக விடாதீர்கள். பணம் கேட்டாலும், தனியாகச் சந்திக்கக் கூப்பிட்டாலும், 'வீட்ல சொல்லாதே' என்றாலும் உடனே உங்களிடம் காட்ட வேண்டும் என்பதை எழுதியே ஒட்டிவையுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. ஏடிஹெச்டி (கவனம் சிதறுவதும் துறுதுறுப்பும்) உள்ள பிள்ளைக்கு இந்த மாதம் கியூப், அடுத்த மாதம் டிரம்ஸ் என்று ஆர்வம் தாவலாம். வருடக் கட்டணம் கட்டாமல் நாலு வாரத்தில் முடியும் குழுக்களாகப் பாருங்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஆர்வமே கண்ணில் படாமல் போகிறது. பூனை, கொரியப் பாட்டு என்று மற்ற பெண்களுக்குப் பிடித்ததே இவளுக்கும் பிடித்திருக்கும், ஆழம் மட்டும்தான் வேறு. 'எல்லாப் பொண்ணுங்களும் இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகனிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், அவன் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். சம்மதித்தால் 'எட்டு சனிக்கிழமை, அதற்குப் பிறகு நீயே முடிவு செய்' என்று சொல்லுங்கள். முடியும் தேதி தெரிந்தால் தொடங்குவது எளிது. அறிவிப்பு எழுதும்போது ஆட்டிசம், சிறப்புக் குழந்தை என்று எதுவும் போடாதீர்கள். 'ரயில் பிடிக்குமா? 13 முதல் 18 வயது வரை. சனிக்கிழமை மாலை 4 முதல் 5.30 வரை. சத்தமில்லாத அறை. பேசியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை' என்று போட்டு, கீழே உங்கள் எண்ணையோ கணவரின் எண்ணையோ கொடுங்கள். கணவருடையதாக இருந்தால் இன்னும் நல்லது.