நான்கு நிகழ்ச்சிகளோடு நின்றுபோன ரிச்சர்ட் பிரையர்

கேள்வி: குறுகிய காலமே ஒளிபரப்பானாலும், சமூகத்தை அஞ்சாமல் விமர்சித்த தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி எது? இன்று அதைப் பார்ப்பதால் என்ன பயன்?

என் பதில், அமெரிக்கக் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரின் 'த ரிச்சர்ட் பிரையர் ஷோ'. அமெரிக்காவின் என்.பி.சி. அலைவரிசையில் 1977 செப்டெம்பர் 13 ஆம் திகதி தொடங்கியது. பத்து நிகழ்ச்சிகளுக்குப் பேசி, நான்கோடு ஒக்டோபரில் நின்றுவிட்டது. அப்போது இலங்கையில் தொலைக்காட்சியே கிடையாது, நாட்டின் முதல் அலைவரிசையான ஐ.ரி.என். வந்தது 1979 இல்தான். 1977 ஓகஸ்ட் மாதம் கொழும்பிலும் மலையகத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டு அகதி முகாம்களில் கிடந்தார்கள். ஆகவே அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான காலத்தில் எங்கள் ஆட்கள் எவரும் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து, இணையத்தில். கொழும்பில் மாணவர்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, எதைச் சிரிப்பாக்கலாம், யாரைச் சிரிப்பாக்கலாம் என்ற கேள்வி பாடசாலைகளின் ஒவ்வொரு தமிழ்த்தினப் போட்டிக் காலத்திலும் வருகிறது. அந்தக் கேள்விக்கு நான் கண்ட மிக நேர்மையான பதில் இந்த நான்கு நிகழ்ச்சிகளில் இருக்கிறது.

பிரையர் 1940 இல் இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில் பிறந்தவர். பாட்டி நடத்திய விபசார விடுதியில் வளர்ந்தவர். 1977 மே மாதம் என்.பி.சி. அவரை வைத்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்தது. அது நன்றாக அமைந்ததால் வாராந்த நிகழ்ச்சி கொடுத்தார்கள். கொடுத்த நேரம் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி. பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கும் நேரம் என்று அமெரிக்க அலைவரிசைகள் ஒதுக்கி வைத்திருந்த பொழுது அது. எதிரே ஏ.பி.சி. அலைவரிசையில், அந்நாட்களில் நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த இரண்டு தொடர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெரியவர்களுக்காகப் பேசும் ஒரு கலைஞரை அந்த நேரத்தில் கொண்டுபோய் வைத்ததே பாதித் தோல்வி என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதியைத் தணிக்கை பார்த்துக்கொண்டது. முதல் நிகழ்ச்சியின் தொடக்கத்தில், தொலைக்காட்சிக்கு வருவதற்காகத் தான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று பிரையர் சொல்கிறார். கமரா பின்னால் நகரும்போது அவர் நிர்வாணமாக, ஆண்குறி இல்லாமல் நிற்பதுபோல் தெரிகிறது. உண்மையில் உடம்போடு ஒட்டிய தோல்நிற உடை அணிந்திருந்தார். அதை என்.பி.சி. வெட்டிவிட்டது. வெட்டிய காட்சியைச் செய்தி நிகழ்ச்சிகள் எடுத்துக் காட்டின.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறு ஒன்று: அமெரிக்காவின் 40 ஆவது ஜனாதிபதியின் செய்தியாளர் சந்திப்பு. அப்போது பதவியில் இருந்த ஜிம்மி கார்ட்டர் 39 ஆவது ஜனாதிபதி. அடுத்தவர் கறுப்பராக இருந்தால் என்பது கற்பனை. பிரையர்தான் ஜனாதிபதி. தொடக்கத்தில் எல்லா ஜனாதிபதிகளையும்போலப் பூசி மெழுகிப் பதில் சொல்கிறார். கறுப்பினச் செய்தியாளர்கள் எழுந்து கேட்கத் தொடங்கியதும் அவர் குரல் மாறுகிறது, தோள் நிமிர்கிறது. கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் ஹியூயி நியூட்டனை எஃப்.பி.ஐ. தலைவராக்குவீர்களா என்ற கேள்விக்கு மனம்விட்டுப் பதில் சொல்கிறார். வெள்ளைச் செய்தியாளர்களின் முகம் இறுகிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒருவர் எழுந்து, வீட்டு வேலைக்காரியாக இருந்த ஜனாதிபதியின் தாயைப் பற்றிக் கேட்கிறார்: உங்கள் பதவிக்காலம் முடிந்ததும் அவர் என் வீட்டைத் துப்புரவாக்க வருவாரா? அத்துடன் சந்திப்பு கைகலப்பில் முடிகிறது.

என் பெரியம்மா பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சிறுவயதிலேயே, கொழும்பில் வசதியானவர்கள் வாழும் கறுவாத்தோட்டத்து வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர். அதனால் அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சுட்டது. ஒரு மனிதன் நாட்டின் மிக உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், அவன் தாய் யார் வீட்டைக் கூட்டினாள் என்பதைச் சபையில் நினைவுபடுத்த ஒருவர் இருப்பார். அந்தக் குறுநாடகத்தில் வேலைக்காரத் தாய் சிரிப்புக்குரியவள் அல்ல. கேட்டவன்தான் சிரிப்புக்குரியவன், அவன் வெட்கப்பட வேண்டியவன். பிரையர் அந்த எல்லைக்கோட்டை ஒரு கணமும் தவறவிடவில்லை.

இதை எங்கள் ஊரோடு சேர்த்துப் பாருங்கள். இங்குள்ள ஒரு தனியார் அலைவரிசையில் பண்டிகைக்கால நகைச்சுவைத் துண்டு ஒன்று போனது. கொழும்பு வீட்டில் வேலைக்கு நிற்கும் மலையகப் பெண் பிள்ளை ஒருத்தி. அவள் வாய் திறந்தாலே பின்னணியில் சிரிப்பொலி போட்டார்கள். அவள் சொன்னதில் பகிடி எதுவும் இல்லை. அவள் பேசும் தமிழே பகிடி என்று முடிவுசெய்திருந்தார்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவளுடைய பாட்டன் பாட்டியை நாடற்றவர்களாக்கியது. அவர்களின் பேத்தி, அதே தமிழ் பேசும் சனத்தின் திரையில் பேச்சுக்காகச் சிரிக்கப்படுகிறாள். என் மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் பிரதிகளிலும் இதே பாத்திரம் ஆண்டுதோறும் வருகிறது. பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன்; திரையில் பார்த்ததை எழுதுகிறார்கள்.

எங்களுக்கும் வேறு வழி தெரிந்திருந்தது. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டு வளர்ந்தவர்களிடம் கேளுங்கள். மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரத்தின் பெயரே நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பி.எச்.அப்துல் ஹமீத் ஐயராக நடித்தார். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் தமிழ் எல்லாம் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒன்றையொன்று கிண்டல் செய்தன. அதில் அரசியல் துணிச்சல் பெரிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரை மட்டும் கீழே உட்காரவைத்து மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அந்த நிலையிலிருந்து ஏன் இறங்கினோம்? பயம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். 2023 மே மாதம் மேடை நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய, பௌத்தத்தை அவமதித்தார் என்ற குற்றச்சாட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்துக் கைதுசெய்யப்பட்டார். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் (ஐ.சி.சி.பி.ஆர்.) சட்டம் அவர்மீது பாய்ந்தது. ஜூலையில்தான் மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. இதைப் பார்த்த ஒரு தொலைக்காட்சி எழுத்தாளர் என்ன செய்வார்? மேலே இருப்பவர்களைத் தொடமாட்டார். சிரிப்பு இல்லாமலும் நிகழ்ச்சி நடத்த முடியாது. ஆகவே பொலிஸுக்குப் போய் முறைப்பாடு செய்ய முடியாதவர்கள் பக்கம் திரும்புவார்: வேலைக்காரப் பெண், தோட்டத்துக் கிழவர், குடிகாரக் கூலி. தணிக்கை சிரிப்பை அழிப்பதில்லை, அதைக் கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறது. என்.பி.சி.யும் பிரையரிடம் சிரிப்பை வேண்டாம் என்று சொல்லவில்லையே. பிரையர் தன் இனத்தைத் தானே கோமாளியாக்கியிருந்தால் எந்தக் கத்தரிக்கோலும் வந்திருக்காது என்றே நம்புகிறேன். அவர் அந்தப் பக்கம் திரும்ப மறுத்தார்.

மறுத்ததன் விளைவாகச் சில இடங்களில் சிரிப்பையே கைவிட்டார். 1909 ஆம் ஆண்டு எகிப்தில் நடக்கும் ஒரு குறுநாடகம் இருக்கிறது. அகழாய்வுக் குழுவிலுள்ள கறுப்பினத்தவர், மனித நாகரிகத்தைத் தொடங்கியவர்கள் தன் முன்னோர்கள் என்று சொல்லும் ஏட்டைக் கல்லறைக்குள் கண்டுபிடிக்கிறார். கூட வந்த வெள்ளையர்கள் மெல்ல வெளியேறி, அவரையும் ஏட்டையும் உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது விளங்க விளக்கவுரை தேவையில்லை.

அதற்கு முந்திய மே மாதச் சிறப்பு நிகழ்ச்சியிலும் இப்படி ஒன்று உண்டு. வில்லி என்ற குடிகாரனாக மதுக்கடையில் பிரையர் தள்ளாடுகிறார், நாமும் சிரிக்கிறோம். வீட்டுக்கு வந்து விழுகிறார். மனைவியாக நடிக்கும் கவிஞர் மாயா ஏஞ்சலோ, விழுந்து கிடப்பவனைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார். இவன் எப்படி இருந்தவன், என்னென்ன அவமானங்கள் இவனை இங்கே கொண்டுவந்தன என்று அந்த நீண்ட பேச்சு போகிறது. அதில் சிரிக்க ஓரிடமும் இல்லை. சற்றுமுன் சிரித்தது நெஞ்சில் கனக்கிறது. குடிகாரப் பாத்திரம் இல்லாமல் நகைச்சுவையே எழுதத் தெரியாத நம் எழுத்தாளர்கள் அனைவருக்கும் இதைப் போட்டுக் காட்ட வேண்டும்.

நிகழ்ச்சியில் நடித்தவர்களில் அன்று பெயர் தெரியாத ரொபின் வில்லியம்ஸும் சாண்ட்ரா பேர்ன்ஹார்ட்டும் இருந்தார்கள். எழுதியும் நடித்தும் உழைத்த போல் மூனி, கால் நூற்றாண்டு கழித்து, இன்னொரு கறுப்பின நகைச்சுவைக் கலைஞரான டேவ் சப்பெலின் நிகழ்ச்சியிலும் வந்தார். அதுவும் நீடிக்கவில்லை. 2003 இல் தொடங்கி, 50 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கையில் இருந்தபோதே 2005 இல் சப்பெல் எல்லாவற்றையும் விட்டுத் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டார். பின்னர் காரணம் சொன்னார். கறுப்பினத்தவர் பற்றிய வழக்கமான கேலிகளை வைத்தே ஒரு காட்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, படப்பிடிப்பில் இருந்த ஒரு வெள்ளையர் சிரித்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. தன்னோடு சேர்ந்து சிரிக்கிறாரா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்துக்காக அவ்வளவு பணத்தை விட்டவரை நான் மதிக்கிறேன்.

நான்கையும் வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. சில துண்டுகள் இன்று நீண்டுவிட்டதாகத் தெரியும். நடனக் காட்சிகளைத் தாண்டிப் போகலாம். ஜனாதிபதியில் தொடங்குங்கள், பிறகு எகிப்து, அதன்பின் மே மாத நிகழ்ச்சியிலிருந்து வில்லி. மாணவர்களுடன் பார்ப்பதென்றால் வில்லி மதுக்கடையில் இருக்கும் இடத்தில் ஒருமுறை நிறுத்தி, இதுவரை எதற்குச் சிரித்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். மீதியைக் காட்டிய பிறகு, எழுதியதை அவர்களே உரக்க வாசிக்கட்டும்.