குடல் ஆபரேஷனுக்குப் பிறகு காற்று பிரியவில்லையா? – மருத்துவர் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து இன்று 3-ஆம் நாள். காற்று பிரியவே இல்லை. ஏதாவது தப்பாகிவிட்டதா டாக்டர்?

பதில்: 3-ஆம் நாள்தானே, பொறுத்துப் பார்க்கலாம் அம்மா. குடலைக் கையாண்டாலே அது கொஞ்ச நாளுக்கு அசைவை நிறுத்திவிடும். சிறுகுடல் ஏறக்குறைய ஒரு நாளில் வேலையைத் தொடங்கும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள். பெருங்குடல்தான் கடைசி, 3 நாள், சிலருக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும். வாந்தி இல்லை, வயிறு உப்பவில்லை, குடித்தது தங்குகிறது என்றால் கவலை வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 5-ஆம் நாள். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தார். மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள். ரொம்பப் பயமாக இருக்கிறது.

பதில்: குழாயைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தேங்கிய நீரை அது வெளியே எடுத்துவிடுவதால் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து குறைகிறது. இப்போது வாய்வழி ஒன்றும் கொடுக்காதீர்கள். “ஒரு வாய் கஞ்சி” கூட வேண்டாம். மருத்துவர்கள் ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் பார்ப்பார்கள். இவை குறைந்தால் குடல் தசை சோர்ந்துவிடும். டிரிப்ஸ் அளவுக்கு மீறி ஏறினாலும் குடல் சுவர் வீங்கி அசைவு தாமதமாகும். மார்ஃபின் வகை வலி மருந்துகளும் குடலை மந்தமாக்கும். அதற்காக வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள். பாராசிட்டமால் போன்றவற்றைச் சேர்த்து மார்ஃபினைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: இது வெறும் மந்தமா, குடல் அடைப்பா, தையல் போட்ட இடத்தில் கசிவா? சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். தாமதத்துக்குப் பின்னால் கசிவு ஒளிந்திருக்கலாம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? மருந்துக் கடையில் எனிமா வாங்கிப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. புதிதாக இணைத்த குடல் அது. பேதி மருந்தோ எனிமாவோ சர்ஜன் சொல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: சூயிங்கம் மென்றால் சீக்கிரம் காற்று பிரியும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான், ஆனால் பலன் சிறியது. மெல்லும்போது சாப்பாடு வருகிறது என்று மூளை நரம்பு வழியே குடலுக்குச் செய்தி போகும். காபிக்கும் இப்படி ஒரு சிறு பலன் உண்டு: ஜெர்மனியில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், குடல் ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீர் குடித்தவர்களைவிடக் காபி குடித்தவர்களுக்கு முதல் மலம் சற்று முன்னதாக வந்தது. நன்றாக விழிப்புடன் இருப்பவருக்கு, மருத்துவர் சரி என்றால் சூயிங்கமோ காபியோ கொடுக்கலாம்.

கேள்வி: காற்று பிரியும்வரை பட்டினி போடச் சொன்னார்களே முன்பெல்லாம்?

பதில்: அது பழைய பழக்கம். டென்மார்க்கைச் சேர்ந்த சர்ஜன் ஹென்ரிக் கெலெட் 1990-களில் கொண்டுவந்த முறை இதை மாற்றியது: ஆபரேஷனுக்குப் பின் சீக்கிரமே உணவு, குறைந்த மார்ஃபின், சீக்கிரம் எழுந்து நடப்பது. நடந்தால் உடனே குடல் அசையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் காலில் ரத்தம் உறைவதையும் சளி கட்டுவதையும் அது தடுக்கும். அதற்காகவே நடக்க வையுங்கள்.

கேள்வி: நாளை டிஸ்சார்ஜ். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: காய்ச்சல், படபடவென்ற நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, திரும்ப வரும் வாந்தி அல்லது உப்புசம். இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல், ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே உடனே போங்கள்.