தேவாலயச் சாவி யாரிடம்?

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் ‘மதத்தையும் அரசையும் பிரிப்பது பேச்சுக்கு எளிது’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். பிரான்ஸ் 1905இல் ஒரே சட்டத்தில் பிரித்துக் காட்டிவிட்டதே? குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, சம்பளம் கொடுக்காது, மானியம் தராது. இரண்டு வரியில் முடிந்த விஷயம். ஆட்சியில் இருப்பவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்பதைத் தவிர மற்ற நாடுகளுக்கு வேறு என்ன தடை?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்வது அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவு. அதையும் முழுதாகப் படித்தால், பள்ளி, மருத்துவமனை, சிறை போன்ற இடங்களில் ஆன்மிகப் பணிக்கு அரசு செலவு செய்யலாம் என்று அதே பிரிவு விலக்குக் கொடுக்கிறது. மொத்தம் 44 பிரிவுகள். மீதியைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழைய குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படிப்பது போலவே இருந்தது. கட்டடம் யாருக்கு, பழுது பார்ப்பது யார், மணி அடிப்பதை யார் ஒழுங்குபடுத்துவது, வயதான பாதிரியாருக்குச் சோறு யார் போடுவது.

கடைசியாகச் சொன்னது விளையாட்டில்லை. நெப்போலியன் 1801இல் திருத்தந்தையோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் ஒரு நூற்றாண்டாகக் குருக்கள் அரசுச் சம்பளம் வாங்கிவந்தார்கள். சம்பளம் கிடையாது என்று எழுதிய அதே சட்டம், 60 வயதைத் தாண்டி 30 ஆண்டுகள் பணி செய்தவருக்குச் சம்பளத்தில் முக்கால் பங்கை ஆயுள் முழுக்க ஓய்வூதியமாகத் தரச் சொன்னது.

துணிச்சல் என்கிறீர்கள். அதைக் காட்டிய இடத்தில்தான் அடி விழுந்தது. சொத்தைக் கைமாற்றும் முன் ஒவ்வொரு தேவாலயத்திலும் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். நியாயம்தான், பாத்திரம் பண்டத்தை எண்ணாமல் எந்த வீட்டில் பாகம் பிரித்தார்கள்? ஆனால் 1906 ஜனவரியில் போன சுற்றறிக்கையில், நற்கருணைப் பேழையைத் திறந்துகாட்டச் சொல்லிக் கேட்கும்படி ஒரு வரி இருந்தது. அதிகாரிக்கு அது பட்டியலில் ஓர் உருப்படி. கத்தோலிக்கருக்கு அதற்குள் இருக்கும் அப்பம் கிறிஸ்துவின் உடல். பல ஊர்களில் ஜனங்கள் நாற்காலிகளைக் குவித்துக் கதவை அடைத்தார்கள். மார்ச் 6ஆம் தேதி, பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஒரு கிராமத் தேவாலயத்துக்குள் கணக்கெடுப்பின்போது ஒருவர் சுடப்பட்டு இறந்தார். மறுநாள் அரசாங்கமே கவிழ்ந்தது.

புதிதாக வந்த உள்துறை அமைச்சர் கிளெமான்சோ. பாதிரியார்களைக் கண்டாலே ஆகாதவர். அவரே, மெழுகுவர்த்தித் தண்டுகளை எண்ணுவதற்காக ஓர் உயிர் போக வேண்டாம் என்ற பொருள்படப் பேசி, பலப்பிரயோகம் தேவைப்படும் இடங்களில் வேலையை நிறுத்தச் சொன்னார். இந்தப் பின்வாங்கலால்தான் சட்டம் பிழைத்தது என்று நினைக்கிறேன்.

அப்புறம் திருத்தந்தை பத்தாம் பயஸ். சொத்தைப் பெற்றுக்கொள்ள விசுவாசிகள் சங்கம் அமைக்க வேண்டும் என்றது சட்டம். அமைக்கக் கூடாது என்று அவர் தடுத்துவிட்டார். பாகம் பிரித்தாயிற்று, வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை! தேவாலயங்களைப் பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை. 1907இல் இன்னொரு சட்டம் போட்டு, வழிபாட்டுக்கே விட்டுவைத்தார்கள். இன்றுவரை, 1905க்கு முன் கட்டிய பெரும்பாலான கத்தோலிக்கத் தேவாலயங்கள் உள்ளாட்சிகளின் சொத்து. பேராலயங்களில் பெரும்பாலானவை அரசின் சொத்து. 2019இல் தீப்பிடித்த பாரிஸின் நோத்ர் தாமும் அப்படித்தான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அரிஸ்டீட் பிரியான், மசோதாவை நாடாளுமன்றத்தில் நடத்திச் சென்றவர். குருக்கள் தெருவில் அங்கி போட்டு நடப்பதையும் தடை செய்யலாம் என்று ஓர் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். பிரியான் சிரிக்காத குறை. அங்கியைத் தடுத்தால் குருக்களும் தையல்காரர்களும் சேர்ந்து வேறொரு உடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். திருத்தம் தோற்றது. அவர் நாத்திகர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சரி, ‘ஒரே சட்டத்தில்’ என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். 1905இல் கிழக்கு எல்லைப் பகுதிகளான அல்சாஸும் மொசேலும் ஜெர்மனியிடம் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் அவை பிரான்சுக்குத் திரும்பியபோது இந்தச் சட்டத்தை அங்கே கொண்டுபோகவில்லை, மக்கள் நெப்போலியன் காலத்து ஒப்பந்த முறையை விடவில்லை. அங்கே கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டண்ட் பாஸ்டர், யூத ரபி ஆகியோருக்கு இன்றும் அரசே சம்பளம் தருகிறது. இதில் தவறில்லை என்று 2013இல் அரசியலமைப்பு மன்றமும் சொல்லிவிட்டது. அல்சாஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஆயர் இடம் காலியானால், புதியவரை நியமிக்கும் ஆணையில் வத்திக்கானோடு பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுபவர் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர்.